வலப்பக்க ஸ்டியரிங்

டார்லா ருவோனாவுக்கு அந்த ஜீப் வேண்டும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ரோலண்ட் கெஸ்டிலா அதை விற்றாக வேண்டும் என்பதும் தெரியும். இரண்டு பேரும் ஒன்பது வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்பதும் தெரியும். அதனால் அந்த நவம்பரில் கர்வாலாவில் மான் வேட்டையைவிட இந்த ஜீப்பைப் பற்றித்தான் அதிகம் பேச்சு நடந்தது.

கர்வாலா, மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியிலிருந்து வருகிற காற்று ஒரு குளிர்காலத்தில் இருபதடி பனியைக் கொட்டிவிட்டுப் போகும். நான் இங்கே வண்டிகளைப் பழுது பார்க்கிறவன். கோர்டி டெல்பிரேட் என்று பெயர். டார்லாவும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு.

டார்லாவுக்கு ஐம்பத்தாறு வயது. கட்டையான உடம்பு, சிரிக்காத வாய். கிராமத்துச் சாலைகளில் தபால் கொண்டுபோய்ப் போடுகிற ஒப்பந்தம் அவளுடையது. ஒரு நாளைக்கு எழுபத்தொரு மைல், இருநூற்றுப் பதினான்கு பெட்டிகள். வண்டி அவரவர் சொந்த வண்டிதான். பெட்டிகள் எல்லாம் சாலையின் வலது ஓரத்தில் கம்பத்தில் நிற்கும். எங்கள் நாட்டு வண்டிகளில் ஸ்டியரிங்கோ இடது பக்கம். ஆகவே அவள் தன் சின்னக் காரில் இரண்டு இருக்கைக்கும் நடுவே உட்கார்ந்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இடது காலை நீட்டி பெடலை மிதித்து, வலது கையை ஜன்னலுக்கு வெளியே விட்டுத் தபால் போடுவாள். இரண்டு வருஷம் அப்படி ஓட்டினாள். இடுப்பு போய்விட்டது. காரை விட்டு இறங்கியதும் நேராக நிற்க இரண்டு நிமிஷம் ஆகும். அக்டோபர் கடைசியில் காரின் கியர்பாக்ஸும் போயிற்று.

"வலப்பக்க ஸ்டியரிங் வெச்ச வண்டி வேணும், நாலு சக்கரமும் இழுக்கணும். விலை ரெண்டாயிரத்துக்குள்ள," என்றாள் என்னிடம்.

"அப்படி ஒண்ணுதான் இந்த மாவட்டத்துலயே இருக்கு," என்றேன்.

"அது எனக்கும் தெரியும். வேற சொல்லு."

வேறு இல்லை.

ரோலண்டுக்கு எழுபது வயது. இதே தபால் வழியில் பத்தொன்பது வருஷம் அந்த ஜீப்பில்தான் போனான். ஒரு கண்ணில் புரை விழுந்ததால் ஒப்பந்தத்தை விட்டான். தன் மருமகனுக்குத்தான் ஒப்பந்தம் வரும் என்று நினைத்திருந்தான். டார்லா குறைந்த கூலிக்கு ஏலம் கேட்டு வாங்கிவிட்டாள். ஜீப் அவன் கொட்டகையில் நின்றது. வலப்பக்க ஸ்டியரிங் வண்டியைத் தபால்காரர்களைத் தவிர யார் வாங்குவார்கள்? அவன் ஊர் மளிகைக்கடைப் பலகையில் ஓர் அட்டை குத்தி வைத்தான்: "ஜீப். வலப்பக்க ஸ்டியரிங். இருபத்திரண்டு வயது. நல்ல நிலைமை. 2,600 டாலர். கண்டவர்கள் கூப்பிட வேண்டாம்."

கண்டவர்கள் என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை.

டார்லா பால் வாங்கப் போகும்போதெல்லாம் அந்த அட்டை முன் நின்று நிதானமாகப் படிப்பாள். ஒரு வாரம் கழித்து 2,600 அடிக்கப்பட்டு 2,200 ஆயிற்று. அப்புறம் 1,800. கல்லாவில் இருந்த பெண் ரோலண்டின் சித்தி மகள். அவள் காதில் விழுகிற மாதிரி டார்லா, "இன்னும் பழுக்கல. அடுத்த வாரம் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் பாலை எடுத்துக்கொண்டு போவாள். அதுவரை என்னிடம் வாடகைக்கு வாங்கிய ஓட்டை பிக்கப்பில், அதே மாதிரி குறுக்கே உட்கார்ந்து ஓட்டினாள்.

நவம்பர் பதினேழில் ஒரே நாளில் இரண்டடி பனி விழுந்தது. மறுநாள் அவள் என் கடைக்கு வந்தாள்.

"அவனுக்கு போன் பண்ணிட்டேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு. நீயும் வா."

"என்ன சொன்னான்?"

"'யாரு'ன்னான். 'தெரியாத மாதிரி நடிக்காதே'ன்னேன். 'பத்து மணிக்கு வா, பத்தே காலுக்கு நான் இருக்க மாட்டேன்'னான்."

அவர்கள் பகையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்பு டார்லாவின் புருஷன் வெர்ன் நுரையீரல் நோயில் கிடந்தான். சுரங்கத்திலும் மரம் அறுக்கிற ஆலையிலும் வேலை பார்த்த உடம்பு. பிப்ரவரியில் அவனை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். டார்லா அவனோடு இருந்தாள். பனி தள்ளுகிற வண்டி அவர்கள் வீட்டுத் தபால் பெட்டியைப் பனிக்குள் புதைத்துவிட்டுப் போயிருந்தது. பெட்டிக்கு முன்னால் பனி அள்ளாமல் இருந்தால் தபாலைப் போடாமல் போகலாம் என்று விதி உண்டு. ரோலண்ட் ஆறு நாள் போடாமல் போனான். அந்தத் தபாலில் வெர்ன் வீடு திரும்பியதும் போட வேண்டிய மூச்சு மருந்து இருந்தது. ஏழாவது நாள் டார்லா வீட்டுக்கு வந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள். வெர்ன் மார்ச்சில் செத்துப்போனான். அந்த மருந்து வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. டார்லாவும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் சவ அடக்கத்துக்கு ரோலண்ட் வந்தபோது சர்ச் வாசலிலேயே அவனை மறித்து, "இங்கயும் பனி அள்ளாம இருக்கு, உள்ள வராதே," என்றாள். அதற்கப்புறம் பேச்சு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜீப்பை விற்கப் போட்ட அதே வருஷம், ஆகஸ்டில், ரோலண்ட் அதை என் கடைக்குக் கொண்டுவந்திருந்தான். அடிச்சட்டம் முழுக்கக் கறுப்புப் பூச்சு அடிக்கச் சொன்னான். எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். பத்து வருஷத்தில் எந்த வண்டியின் அடிச்சட்டத்தையும் உப்பு தின்றுவிடும். இந்தச் சட்டத்தில் பின்னச்சுக்கு மேலே இடது பக்கம் என் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. "இதை வெல்டிங் பண்ணணுமே," என்றேன். "உன்னை டாக்டர் வேலைக்குக் கூப்பிடல. பூசுடா," என்றான். பூசினேன். அறுபது டாலர் வாங்கினேன்.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நான் டார்லாவோடு போய் ரோலண்ட் வீட்டு முற்றத்தில் நின்றேன். போகும் வழியில் சொல்லியிருக்கலாம். பதினோரு மைல் போனோம். வானிலையைப் பற்றிப் பேசினேன்.

ரோலண்ட் ஜீப்பைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தியிருந்தான். அவன் ஆறடிக்கு மேல் உயரம், தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. காது மூடுகிற தொப்பி. கையில் காபிக் கோப்பை. எங்களுக்குக் காபி கிடையாது.

டார்லா அவனைப் பார்க்கவே இல்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். அப்புறம் கோட்டுப் பையிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்தாள். பனியில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்து, சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனாள். டங், டங், டங் என்று கேட்டது. பின்னச்சுப் பக்கம் போனதும் சத்தம் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி ஆயிற்று.

"ஏய், உடைச்சா வாங்கியே தீரணும்," என்றான் ரோலண்ட்.

"சுத்தியல் பட்டு உடையற வண்டின்னு நீயே சொல்றியா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. ஒன்பது வருஷத்தில் நேருக்கு நேர் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் எழுந்தாள். கையுறையில் கறுப்பு ஒட்டியிருந்தது. அதை மோந்து பார்த்தாள். "புதுப் பூச்சு. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம இருக்க அடிச்சிருக்கான். எவன் அடிச்சான் இதை?"

ரோலண்ட் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தான். "எவன்னு என்னை ஏன் கேக்கற? உன் பக்கத்துல நிக்கறானே, அவனைக் கேளு."

டார்லா என் பக்கம் திரும்பினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"நல்லதாப் போச்சு. அப்போ உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும். சொல்லு. அவன் முன்னாலயே சொல்லு."

சொன்னேன். "இடது பக்கம், பின்னச்சுக்கு மேல. கையளவு ஓட்டை. வலது பக்கம் மெலிஞ்சிருக்கு, ஆனா நிக்கும். முன்பக்கம் பரவால்ல. இன்ஜின் நல்லாருக்கு."

"டேய், என்கிட்ட காசு வாங்கிட்டு அவகிட்ட ஒப்பிக்கறியா?" என்று ரோலண்ட் கத்தினான். "இனிமே என் வீட்டு வண்டி ஒண்ணு உன் கடைக்கு வராது!"

"வேண்டாம் விடு. ஆயிரத்து நூறு," என்றாள் டார்லா.

"என்னது?"

"வண்டிக்கு ஆயிரத்து நூறு. ஓட்டையைக் கழிச்சுட்டு."

"ஆயிரத்து எண்ணூறு போட்டிருக்கேன், படிக்கத் தெரியாதா?"

"படிச்சேன். மூணு வாரமாப் படிக்கறேன். ஒருத்தனும் கூப்பிடல, இல்ல? உன் மருமகன்கூட கேக்கல. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கற வண்டியில உக்காந்தா எதிர்ல வர்றவன் பாத்துச் சிரிப்பான். இதை வாங்கறதுக்கு உலகத்துல நான் ஒருத்திதான் இருக்கேன். அது உனக்கு எப்படி எரியுதுன்னு தெரியும். எனக்கும் அதே எரிச்சல்தான். ஆயிரத்து நூறு."

ரோலண்ட் கோப்பையில் மிச்சமிருந்த காபியைப் பனியில் வீசினான். அது அவள் பூட்ஸுக்கு ஓரடி தள்ளி விழுந்தது. "நாளைக்கு வந்து எடுத்துக்கோ. பணமா கொண்டா. உன் செக்கை நான் தொட மாட்டேன்."

திரும்பி வந்து என் கடை வாசலில் இறங்கும்போது சொன்னாள்: "அந்த ஓட்டையை நீ அடைக்கற. கூலி கிடையாது. பண்ணினப்புறம்தான் மத்த பேச்சு."

மறுநாள் நாங்கள் போனபோது ஜீப் நான்கு மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. சக்கரங்கள் இல்லை. பேட்டரி இல்லை. கூரைமேல் சுழல்கிற மஞ்சள் விளக்கு இருந்த இடத்தில் இரண்டு துளைகள்தான் இருந்தன. ரோலண்ட் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"வண்டின்னுதான் பேசினோம். டயர்னு யாரும் சொல்லலியே," என்றான் கதவைக் கொஞ்சமாகத் திறந்து.

நான் வாயைத் திறந்தேன். டார்லா கையைக் காட்டி நிறுத்தினாள். கதவிடுக்கில் பணத்தை நீட்டி, அவன் எண்ணி முடிக்கும்வரை நின்று, வண்டிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அப்புறம் பழைய இரும்புக் கடைக்குப் போய் ஒத்துப்போகிற நான்கு சக்கரங்களைத் தேடி, என்னிடம் இருந்த பேட்டரி ஒன்றைப் போட்டு, மூன்று மணி நேரம் அவன் முற்றத்திலேயே வேலை செய்தாள். அவன் மூன்று மணி நேரமும் ஜன்னலில் நின்றான். வண்டி கிளம்பும்போது அவள் மரக்கட்டைகளைக் கவனமாக ஒன்றின் மேல் ஒன்றாக, அவன் வாசற்படிக் கதவு திறக்க முடியாதபடி அடுக்கிவிட்டு வந்தாள்.

நான் சட்டத்துக்குக் கனத்த தகடு வைத்து வெல்டிங் செய்தேன். இரண்டு நாள் ஆயிற்று. அவள் வந்து அதே சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். "ம்," என்றாள். அதுதான் எனக்குக் கிடைத்த மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அந்த ஜீப்பில் போனாள். நிமிர்ந்து உட்கார்ந்து போனாள். பெட்டி தானாகக் கைக்கு வந்தது. இடுப்பு வலி பாதி குறைந்தது என்று அவள் நாத்தனார் சொன்னாள், டார்லா சொல்லவில்லை.

ரோலண்டின் வீடு அவள் வழியில் கடைசிக்கு முந்தின வீடு. மதியம் ஒன்று நாற்பதுக்குத் தபால் வர வேண்டும். அவன் ஒன்றரைக்கே வந்து பெட்டியருகே நின்றுவிடுவான். பெட்டிக்கு முன்னும் பின்னும் முப்பதடி, ஜல்லி தெரிகிற வரைக்கும் பனி அள்ளியிருப்பான். அவள் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கையில் கடிகாரம், சட்டைப்பையில் நோட்டு. ஒன்று நாற்பத்தாறுக்கு வந்தால் எழுதிக்கொள்வான். மாதக் கடைசியில் ஒரு புகார்க் கடிதம் எழுதி, அதை அவளிடமே தபாலில் சேர்க்கக் கொடுப்பான். அவளும் தபால்தலை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்வாள்.

ஜீப் அவன் முன்னால் நிற்கிற பத்து வினாடியும் சண்டைதான்.

"முன்னச்சுல சத்தம் வருது. எண்ணெய் மாத்தினியா இல்லியா?"

"வண்டி என்னது."

"பத்தொன்பது வருஷம் நான் வெச்சிருந்த வண்டியைப் பத்து வாரத்துல கொன்னுடுவே!"

"நீ சட்டத்தை அழுக விட்டவன். உனக்குப் பேச என்ன இருக்கு? இந்தா, கரன்ட் பில்."

ஜனவரி கடைசியில் மூன்று நாள் தொடர்ந்து புயல் அடித்தது. நான்காம் நாள் குளிர் இறங்கியது. காலையில் வெளியே துப்பினால் விழும்போதே உறைகிற குளிர். மதியம் ஒன்றே காலுக்கு டார்லா எனக்குப் போன் செய்தாள். குரல் விட்டு விட்டு வந்தது. "ஹால்வர் மேடு. பள்ளத்துல இறங்கிட்டேன். நாலு சக்கரமும் இழுக்கற லீவரைப் போட்டேன், முன்சக்கரம் சுத்தவே இல்ல. வா."

இழுவை வண்டியை என் ஆள் வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருந்தான். நான் என் பிக்கப்பில் சங்கிலியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பனி தள்ளுகிற வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேட்டில் பாதிக்கு மேல் என் வண்டி ஏறவில்லை. சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வளைவைத் தாண்டும் முன்பே கத்தல் கேட்டது.

ஜீப் சாலையோரப் பள்ளத்தில் வலது பக்கம் சாய்ந்து கிடந்தது. மேலே, அவன் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்த ரோலண்டின் புதுப் பிக்கப் நின்றது. ஒன்று நாற்பதுக்குத் தபால் வரவில்லை என்றதும், எவ்வளவு தாமதம் என்று கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ள வழியோடு எதிரே வந்திருக்கிறான். டார்லா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அவன் சாலையில் நின்றிருந்தான்.

"உங்க வண்டியில கட்டி இழுத்துடலாமே," என்றேன் ரோலண்டிடம்.

"என் கொக்கியில அவ வண்டியா? நடக்காது."

"அவன் கொக்கி என் வண்டி மேல பட்டா நான் இறங்கிக் கழட்டி எறிவேன்," என்றாள் டார்லா ஜன்னலிலிருந்து.

"லீவர் என்ன ஆச்சு?" என்றேன்.

அவள் பதில் சொல்லும் முன் ரோலண்ட் சொன்னான்: "ஒண்ணும் ஆகல. கீழ ஒரு கம்பி போகுது, லீவர்லேர்ந்து கியர்பாக்ஸுக்கு. அதைச் சுத்தி சேறும் பனியும் உறைஞ்சிடும். லீவர் நகரும், கம்பி நகராது. இந்தக் குளிர்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை அப்படி ஆகும்."

"இது உனக்குத் தெரியும்," என்றாள் டார்லா.

"பத்தொன்பது வருஷமாத் தெரியும்."

"விக்கும்போது சொல்லல."

"நீ கேக்கல."

அவள் கையில் அந்தச் சுத்தியல் இல்லாதது நல்லது. நான் ஜீப்புக்கு அடியில் நுழைவதற்குப் பனியைத் தோண்டினேன். ரோலண்ட் மேலேயிருந்து சொன்னான்: "தட்டாதே, ஒடிஞ்சிடும். சூடா ஏதாவது ஊத்து. நான் எப்பவும் காபியைத்தான் ஊத்துவேன்."

டார்லாவின் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு அடியில் போனேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் ரோலண்டின் பூட்ஸ் இரண்டு மட்டும். காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, விரலால் பனிக்கட்டியைப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். மேலே அவர்கள் பேசியது முழுக்கக் கேட்டது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் டார்லா. இப்போது கத்தவில்லை. "அந்த ஆறு நாளும் இந்த வண்டியில பின்னால மண்வெட்டி இருந்துதா இல்லியா?"

பூட்ஸ் நகரவில்லை.

"இருந்துது."

"எல்லா நாளும்?"

"எல்லா நாளும். மண்வெட்டி இல்லாம எவன் தபால் கொண்டு போவான்?"

"அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷம்கூட ஆகாது."

"அப்புறம் விதி விதின்னு ஊரெல்லாம் சொன்னியே?"

"விதியும் இருந்துது. ஆனா அதுக்காக இல்ல." "எனக்கு உன் புருஷனைப் பிடிக்காது. அதான். அவன் மருந்துன்னு தெரியும். டப்பா மேல எழுதியிருந்துது. தெரிஞ்சுதான் திரும்பக் கொண்டு போனேன்."

எனக்குக் கையில் காபி வழிந்து உறைந்துகொண்டிருந்தது.

"உனக்கு அவன் என்ன செஞ்சான்?" என்றாள்.

"ஊர் மன்றத்துல டான்ஸ் நடக்குமே, சனிக்கிழமை. நான் பேசற மாதிரி பேசிக் காட்டுவான். நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் எனக்குப் பேச்சு திக்கும், ஞாபகம் இருக்கா? 'ரோ-ரோ-ரோலண்ட்' அப்படின்னு பீர் கேக்கறதுலேர்ந்து ஆரம்பிப்பான். நான் இருக்கறப்பவே செய்வான். ஏழு வருஷம் செஞ்சான். நீ பக்கத்துல உக்காந்து சிரிப்பே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிப்பே."

எனக்கும் ஞாபகம் வந்தது. அந்த மேசையில் நானும் இருந்தேன். வெர்ன் நன்றாகச் செய்வான். தாடை நடுங்குவதைக்கூடச் செய்வான். நாங்கள் எல்லாருமே சிரித்தவர்கள்தான். அப்புறம் ரோலண்ட் மன்றத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

கம்பி விடுபட்டு டக்கென்று நகர்ந்தது. நான் வெளியே வந்தேன். டார்லா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோலண்ட் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்போ லீவரைப் போடு," என்றேன்.

"ரெண்டாவது கியர்ல எடு," என்றான் ரோலண்ட். "முதல்ல எடுத்தா குழிதான் தோண்டும். ஸ்டியரிங்கை நேரா வை. நேரா!"

"கத்தாதே."

"கத்தினாத்தான் உனக்கு ஏறும்! மெதுவா! காலை அழுத்தாதே!"

முன்சக்கரங்கள் இரண்டும் பிடித்தன. ஜீப் ஒரு குலுக்கு குலுக்கி, பக்கவாட்டில் வழுக்கி, அப்புறம் ஒரேயடியாக மேலேறிச் சாலையில் நின்றது. டார்லா இறங்கவில்லை. பின்னிருக்கையிலிருந்து ஒரு கட்டு எடுத்து ஜன்னல் வழியாக ரோலண்டிடம் நீட்டினாள்.

"உன் தபால்."

"பெட்டியில போடு. ரோட்டுல கொடுக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்," என்று கையை இழுத்துக்கொண்டாள். "ரோலண்ட். சிரிச்சேன். அது நிஜம். அதுக்காக நீ செஞ்சது சரின்னு ஆயிடாது."

"நான் சரின்னு சொன்னேனா?"

அவள் ஜன்னலை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். அவன் அவள் பின்னாலேயே போனான். அன்று அவன் வீட்டுப் பெட்டியில் தபால் விழுந்தபோது மணி மூன்று பத்து. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறான்.

இதற்கப்புறம் அவர்கள் சமாதானம் ஆகிவிட்டதாக மளிகைக்கடையில் யாரோ கிளப்பிவிட்டார்கள். பொய். மறுநாளும் ஒன்றரைக்கு அவன் பெட்டியருகே நின்றான். மறுநாளும் பத்து வினாடி சண்டை நடந்தது. ஒருநாள் நான் டார்லாவைக் கேட்டேன், இப்போது மனசுக்கு எப்படி இருக்கிறது என்று.

"முன்னாடி அவன் விதிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறானோன்னு சந்தேகம் மட்டும்தான் இருந்துது. இப்போ அவன் வேணும்னேதான் செஞ்சான்னு தெரிஞ்சு போச்சு," என்றாள். "நிம்மதியா வெறுக்கலாம்."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "நானும் வெர்னும் அந்த டான்ஸ்ல எடுத்துக்கிட்ட போட்டோ ஒண்ணு மாட்டியிருந்தேன், சமையலறையில. கழட்டி வெச்சுட்டேன்," என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜீப் இன்னொரு குளிர்காலமும் ஓடியது. இரண்டாவது வருஷம் மே மாதம் பனி கரைந்து சேறு ஆனபோது, பின்கதவு சரியாக மூடவில்லை என்று கொண்டுவந்தாள். தூக்கிப் பார்த்தேன். நான் வைத்த தகடு அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த இரும்புதான் போயிருந்தது. வலது பக்கமும் விரிசல்.

"இனிமே தாங்காது. ரோட்டுல ரெண்டா ஒடியும்," என்றேன்.

அவள் வாதாடவில்லை. விஸ்கான்சினில் ஓய்வு பெற்ற தபால்காரப் பெண் ஒருத்தியிடம் வேறொன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் வாங்கிவந்தாள். அந்தப் பெண் காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தாளாம். "ரெண்டு மணி நேரம் பேசியே கொன்னுட்டா," என்று டார்லா சலித்துக்கொண்டாள்.

பழைய ஜீப் என் கடை வெளியில் நின்றது. ஒரு வாரம் கழித்து ரோலண்டின் மருமகன் வந்தான். யாருக்கு என்று சொல்லாமல், நானூறு டாலர் தருவதாகவும் அப்படியே கொடுத்துவிடும்படியும் கேட்டான். இரும்பு விலைக்குப் போட்டால் அதில் பாதிகூட வராது. டார்லாவிடம் சொன்னேன்.

"கொட்டகையில வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கப் போறானா? கொடுக்காதே. வெட்டு."

"நானூறு டாலர், டார்லா."

"வெட்டுன்னேன். நீயே வெட்டு."

புதன்கிழமை காலை அவள் தபாலோடு கிளம்பிப் போன பிறகு ஆரம்பித்தேன். முதலில் கூரை, அப்புறம் கதவுகள். பத்து மணி சுமாருக்கு எதிர்ச் சாலையோரம் ரோலண்டின் பிக்கப் வந்து நின்றது. இன்ஜினை அணைத்தான். கண்ணாடியை இறக்கவில்லை. நான் தலையசைத்தேன், அவன் அசைக்கவில்லை. அடிச்சட்டத்தில் தீ பட்டதும் கறுப்புப் பூச்சு புகைந்து நாறியது. கடைசி இடத்தில் அறுத்ததும் பின்பாதி தனியாகத் தரையில் சாய்ந்தது.

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். ஒன்றரைக்குள் வீட்டுக்குப் போய்த் தபால் பெட்டியருகே நின்றிருப்பான்.